தடம் எண் கேட்ட மேடம்

மனை வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும், கிழக்குப் பார்த்த மனை மிச்சம் இருக்கிறதா, பக்கத்தில் சுடுகாடு ஏதும் இல்லையே. நிலத்தை அளந்து லே-அவுட் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையும் ஒரு பெரிய மேசையும் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷமாக வயலை மனையாக்கிக்கொண்டிருக்கிறேன். புண்ணியமான தொழில் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

இந்தக் கேள்விகளில் ஒன்றையும் கேட்காமல் வேறொரு கேள்வியைக் கேட்டே என் உயிரை வாங்கியவர் ஒருவர் உண்டு. நான் போடும் வரைபடங்களைப் பரிசீலித்துக் குறிப்பு எழுதும் ஊரமைப்பு அலுவலகத்தில், ஜன்னலோர மேசைக்காரர். பெயர் வேண்டாம். அலுவலகத்தில் எல்லாரும் மேடம் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் அடுக்கி, நூல் கட்டி, பவ்யமாக மேசையில் வைப்பேன். மேடம் ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார். கடைசித் தாளையும் திருப்பி அதன் முதுகைக் கூடப் பார்ப்பார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

"தடம் எண் என்ன அண்ணாச்சி?"

"எதுக்கு மேடம்?"

"இந்த எடத்துக்குப் போற பஸ்ஸுக்கு."

விண்ணப்பப் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. சாலையின் அகலம் கேட்பார்கள், சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார்கள், பூங்காவுக்கு எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மனிதன் அந்த மனைக்கு எப்படிப் போய்ச் சேருவான் என்பது அரசாங்கத்துக்கு வேண்டாத சங்கதி. மேடம் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் எண் எழுதச் சொல்வார். எண் இல்லாவிட்டால் கோடு போடச் சொல்வார். என் வரைபடங்களில் பாதிக்கு மேல் கோடுதான்.

தள ஆய்வுக்கு அலுவலகத்தில் ஜீப் உண்டு. மேடம் அதில் ஏறமாட்டார். டவுன் பஸ்ஸில் வருவார், இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு நடப்பார், நடக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறிப்பார். ஒருமுறை வள்ளியூர்ப் பக்கம் ஒரு புரமோட்டர், மேடம் வருகிறார் என்று துணிப்பந்தல் போட்டு, இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தார். பதினோரு மணிக்கு வரவேண்டியவர் ஒன்றரைக்கு வந்தார். வரும் வழியிலேயே, எதிர்ப்பட்ட ஆடு மேய்ப்பவரிடமும் கீரைக்காரியிடமும் பேசி, அந்த நிலத்தில் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டு வந்திருந்தார். இளநீரைத் தொடவில்லை. பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

புரமோட்டருக்கு எரிச்சல். "மேடம், இந்தக் காலத்துல எவன் பஸ்ஸுல போறான்? எல்லாவனும் பைக்கு வச்சிருக்கான்லா."

"சரிதான். பைக்க எடுத்துட்டு அவன் வேலைக்குப் போயிட்டான்னா வீட்டுல இருக்கவ எதுல போவா?"

"அவ எங்க போவணும்?"

மேடம் நோட்டில் இதையும் எழுதிக்கொண்டார். அந்த ஆளுக்கு அனுமதி கிடைக்க அதோடு ஆறு மாதம் போயிற்று.

என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தேன். வந்தார், மொய் எழுதினார், சாப்பிட்டார், பாயசம் நன்றாக இருந்தது என்றார். கை கழுவிவிட்டுத் திரும்பும்போது என் சம்பந்தியிடம் எந்தத் தெரு என்று விசாரித்திருக்கிறார். அவர் சொன்னதும், "அங்கன ஆறரைக்கு மேல பஸ் கிடையாதுலா? பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல்னா என்ன செய்யுவிய?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சம்பந்தியம்மாள் அதை ஒரு வருஷம் சொல்லிக் காட்டினாள். என் மனைவி அதற்குப் பிறகு மேடத்தை "அந்த கண்டக்டரம்மா" என்றுதான் சொல்வாள்.

இப்படியொரு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவர் பிறந்தது விக்கிரமசிங்கபுரம். அப்பா மில் தொழிலாளி. "எங்க ஊர்ல சங்கு ஊதி ஆளு வெளிய வரையில பஸ் வந்து நிக்கும் அண்ணாச்சி. அது தன்னால நடக்குன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன். இங்க வந்த பொறவுதான் தெரிஞ்சுது, யாரோ ரெண்டு பேரு உக்காந்து பேசியிருக்காவன்னு" என்றார். நான் தலையாட்டினேன். மனதுக்குள், இந்தப் பேச்சைக் கேட்க நேரமில்லை, கையெழுத்துப் போடுங்கள் தாயே என்று இருந்தது.

இரண்டு பேர் உட்கார்ந்து பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் அவர்தான் கண்டுபிடித்தார். ஊரமைப்பு அலுவலகச் சுவரில் நகரத்தின் நில உபயோக வரைபடம் தொங்கும். குடியிருப்புக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை, கடைகளுக்கு நீலம் என்று பார்க்க அழகாக இருக்கும். பஸ் டெப்போவில் வேறொரு வரைபடம் தொங்கும். அதில் தடங்களும் நிறுத்தங்களும் மட்டும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான். ஆனால் ஒரு சுவரில் இருப்பவர் மற்றச் சுவரைப் பார்த்தது கிடையாது. மேடம் டெப்போவுக்குப் போய், மெல்லிய தாளை விரித்து இரண்டு நாள் உட்கார்ந்து தடங்களைப் பிரதி எடுத்து வந்து, ஊரமைப்பு வரைபடத்தின் மேல் போட்டார். இரண்டிலும் உள்ள ரயில் நிலையத்தை ஒன்றின் மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தினார். மஞ்சளில் ஒரு நிறுத்தமும் விழவில்லை. பச்சையில் ஏழெட்டு விழுந்தன. இரண்டு நிறுத்தங்கள் தாமிரபரணிக்குள் விழுந்தன.

இரண்டும் வெவ்வேறு அளவில் வரைந்தவை. ஒன்று பழைய அடிக்கணக்கு, மற்றது மீட்டர். இத்தனை வருஷமாக இரண்டையும் ஒரே அளவென்று நம்பி, கண்ணாலேயே பார்த்து, "இங்க பஸ் வசதி உண்டு" என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானும் அதைக் காட்டித்தான் மனை விற்க உதவியிருக்கிறேன்.

மேடத்தின் ஆபீசர் வந்து பார்த்தார். "இதுல எதும்மா தப்பு?"

"ரெண்டும் சரிதான் சார். தனித்தனியாப் பாத்தா."

அதன் விளைவாக ஓர் ஒருங்கிணைப்புக் கூட்டம் போட்டார்கள். வரைபடக்காரன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். டெப்போக்காரர் சொன்னார், ஆள் குடியேறட்டும், பஸ் விடுகிறோம் என்று. மேடத்தின் ஆபீசர் சொன்னார், பஸ் வரட்டும், குடியிருப்பு மண்டலமாக்குகிறோம் என்று. இருவரும் ஒருவரையொருவர் வெகு மரியாதையாக ஆமோதித்தார்கள். போண்டா வந்தது. அடுத்த கூட்டம் நடத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் போண்டாவை டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், பஸ்ஸில் சாப்பிடுவதற்காக.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இனிமேல் சொல்வதிலும் சிரிக்க இடம் இருக்கிறது. ஆனால் என்னால் முழுசாக முடியவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு குடிசைப் பகுதி இருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து அவர்களை அப்புறப்படுத்தி, சங்கரன்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புறம்போக்கில் வீடு கட்டிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எல்லா மனைகளையும் வெட்டி முடித்தபின் எந்த மூலை கோணல்மாணலாக மிஞ்சுகிறதோ, எதில் ஒரு வீடும் உட்காராதோ, அதற்குப் பூங்கா என்று பெயர் எழுதிப் பச்சை அடிப்போம். இதிலும் அடித்தேன். ஓரத்தில் மேடத்தின் கட்டத்துக்கு நானே கோடும் போட்டுவிட்டேன்.

மேடம் கோப்பைப் பிரிக்கவே இல்லை. ஆற்றங்கரைக்குப் போகலாம் வாருங்கள் என்றார்.

அங்கேதான் முத்துலெட்சுமியைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கேரளாவில் வேலைக்குப் போனவன், வருவதும் தெரியாது, வராததும் தெரியாது. வாசலில் உட்கார்ந்து, சொளவு என்கிற முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பேசும்போதும் விரல் நிற்கவில்லை.

"பீடிக் கட்ட எத்தன மணிக்குக் கடையில குடுக்கணும்?" என்று மேடம் கேட்டார்.

"பத்துக்குள்ள குடுத்திரணும் யக்கா. பிந்திச்சின்னா அன்னிக்குச் சுத்த எல கெடையாது. நாலு நாளு பிந்திச்சின்னா கார்ட வேற ஆளுக்கு மாத்திருவாவ."

"கார்டு போச்சுன்னா?"

"போச்சுன்னா எல்லாம் போச்சு. ஆசுபத்திரி, பிள்ளைக்கு உதவிப்பணம் எல்லாம் அதுலதான."

மேடம் என்னைப் பார்த்தார். "இங்கேருந்து கடைக்கு நடந்து பன்னெண்டு நிமிஷம். நீங்க வரைஞ்ச எடத்துலருந்து எவ்வளவு அண்ணாச்சி?"

எனக்குத் தெரியவில்லை. எந்தக் கோடு எத்தனை மீட்டர் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஒருத்தி சொளவோடு நடக்கிற நேரத்தை நான் அளந்ததில்லை. பிரதான சாலைக்கு இரண்டு கிலோமீட்டர். அங்கே நிறுத்தமும் கிடையாது. கை காட்டினால் சில டிரைவர்கள் நிறுத்துவார்கள், சிலர் பார்க்காத மாதிரி போவார்கள்.

மேடம் டெப்போவுக்கு அலைந்தார். ஆள் குடியேறட்டும் என்ற அதே பேச்சு. அவர் விடவில்லை. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, அலுத்துப்போன மேலாளர் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: பஸ் திரும்புவதற்கு இடம் இருப்பின் காலைத் தடத்தை உள்ளே நீட்டிக்கலாம். மேடம் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகைச்சீட்டைப் போலப் பத்திரப்படுத்தி என்னிடம் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, முன்னால நாலு வீட்ட எடுத்துப் பின்னால தள்ளுங்க. நொழைவாசல்ல ஒரு வட்டம் வேணும்."

முழுப் படத்தையும் மாற்றி வரைந்தேன். முனகிக்கொண்டேதான் வரைந்தேன். ஆனால் வட்டம் நன்றாக வந்தது. ஒரு பஸ் சரியாகத் திரும்பும் அளவு, அதற்கு ஒரு முழம் கூடக் கிடையாது. கோப்பு நகர்ந்தது. மஞ்சள் நிறமும் தடம் எண்ணும் ஒரே தாளில் ஏறிய முதல் வரைபடம் எங்கள் ஊரில் அதுதான். கட்டத்துக்குள் எண்ணை நான்தான் எழுதினேன். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வீடுகள் எழும்பின. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கல்வெட்டு வந்து இறங்கியது. கருங்கல், பொன் எழுத்து, இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள். எங்கே நடுவது என்று ஒப்பந்தக்காரர் தடுமாறினார். நான் அன்றைக்கு அளவு சரிபார்க்கப் போயிருந்தேன். "வட்டத்துக்கு நடுவுல வச்சிருங்க, ரவுண்டானா மாதிரி எடுப்பா இருக்கும்" என்று கை நீட்டிக் காட்டினேன். சொன்னது நான்தான். வட்டம் என்றால் நடு என்று ஒன்று சும்மா கிடக்கிறது என்றுதான் படம் வரைகிறவன் கண்ணுக்குத் தெரியும். பஸ் ஓரத்தைச் சுற்றி வராது. முன்சக்கரம் ஓரமாகப் போகும்போது பின்சக்கரம் நடுவை அறுத்துக்கொண்டு வரும். இது பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், பஸ்ஸில் போகிறவருக்கும் தெரியும். நான் கார் வைத்திருக்கிறேன்.

கல்லுக்கு இரண்டு படி கட்டினார்கள். சுற்றி எவர்சில்வர் கம்பி வேலி போட்டார்கள். விழாவன்று பந்தல் மறைத்ததால் பஸ் பிரதான சாலையிலேயே மாலையோடு நின்றது. ஜனங்கள் நடந்து போய் அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை உள்ளே வந்தது. பாதி திரும்பியது. பின்பக்கம் கம்பியில் உரசியது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், ஏறினார், இனி வரமாட்டேன் என்று போய்விட்டார். டெப்போவிலிருந்து கடிதம் வந்தது. திரும்ப இடம் இல்லை.

கல்லைப் பத்தடி நகர்த்தினால் போதும். மேடம் எழுதினார். வீடு கட்டிக் கொடுத்த வாரியம், கல் எங்களுடையது அல்ல, விழாக் குழுவுடையது என்றது. விழாக் குழு கலைந்துவிட்டது. அத்தனை பெயர்களில் ஒரு பெயர்க்காரராவது சம்மதிக்காமல் கல்லைத் தொட எவருக்கும் தைரியமில்லை. பெயர்க்காரர்களோ, மற்றவர்கள் சம்மதித்தால் எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை என்றார்கள். இந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் நான் படித்தேன். அந்தக் கல்லை அங்கே வைக்கச் சொன்னது யார் என்று ஒன்றிலும் கேட்கப்படவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பைக் உள்ள வீடுகளில் புருஷனோ மகனோ பெண்களைக் கடையில் இறக்கிவிட்டார்கள். சிலர் சேர்ந்து ஆட்டோ பிடித்தார்கள். முத்துலெட்சுமி பிரதான சாலைக்கு நடந்து போய் பஸ்ஸுக்குக் கை காட்டினாள். முதல் நாள் பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டாம் நாள் பஸ் நிற்கவில்லை. கடைக்காரர் கெட்டவர் இல்லை, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கார்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

அது நடந்து மூன்றாம் நாள் மேடம் ஒரு விசில் வாங்கினார். டெப்போவில் பேசி டிரைவரைச் சம்மதிக்க வைத்திருந்தார். பஸ் திரும்ப வேண்டாம், பின்பக்கமாகவே உள்ளே வரலாம். ஆனால் ஒரு பக்கத்தைக் கண்டக்டர் பார்த்துக்கொள்வார், மறுபக்கத்தைக் கல் மறைக்கும். அங்கே சந்திலிருந்து பிள்ளைகள் ஓடிவரும். அந்தப் பக்கம் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக மேடமே நின்றார். தினமும் காலையில் முதல் பஸ்ஸில் வந்து, ஒரு கையில் குடையும் வாயில் விசிலுமாக, "வரட்டும், வரட்டும், பைய, ஆங், ஓல்டான்" என்று பஸ்ஸைப் பின்னால் வாங்கி, பெண்களை ஏற்றி, தானும் அதிலேயே ஏறி அலுவலகம் போய்ச் சேர்வார். அரசு ஊழியர் ரோட்டில் விசில் ஊதுகிறார் என்று மனு போயிற்று. யார் போட்டார்களோ தெரியாது. நான் இல்லை, அதை மட்டும் தெம்பாகச் சொல்வேன்.

மாறுதல் உத்தரவு வந்தது. தூரத்து மாவட்டம், நிர்வாகக் காரணம். கடைசி நாள் காலையில் அவரைப் பார்க்க நானும் அங்கே போனேன். காரைப் பிரதான சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து போனேன். முப்பத்தொரு நிமிஷம் ஆயிற்று.

அன்று விசில் முத்துலெட்சுமியின் வாயில் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லுக்குப் பக்கத்தில் நின்று, பஸ்ஸின் முதுகைத் தட்டித் தட்டி உள்ளே வாங்கினாள். சொளவும் கட்டுமாகப் பெண்கள் ஏறினார்கள். மேடம் கடைசியாகப் படியில் கால் வைத்துத் திரும்பினார்.

"நீ ஏறலையா முத்துலெட்சுமி?"

"எனக்கு அங்க என்ன சோலி யக்கா? நான் இங்கனயே நாலு பேருக்கு எல வெட்டிக் குடுக்கேன். இவளுவ நேரத்துக்குப் போயிரட்டும்."

மேடம் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். எனக்கு அப்போது தாங்கவில்லை. ஜன்னலடியில் போய் நின்று, "மேடம், இந்தக் கல்ல இங்க வைக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. ஒப்பந்தக்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு."

"நீங்க ஒண்ணும் கேக்கவே இல்லையே."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அன்னா நிக்கா பாருங்க, அவகிட்டச் சொல்லுங்க."

விசில் ஒலித்தது. பஸ் போயிற்று. முத்துலெட்சுமி விசிலை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்து, "வாங்கண்ணாச்சி, வெயில்ல நிக்கியள, டீ குடிக்கியளா?" என்றாள். குடித்தேன். நல்ல டீ. கிளம்பும்போது, வரைபடம் போட்ட சார் நீங்கள்தானே, வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு முப்பத்தொரு நிமிஷம் திரும்பி நடந்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல வராததை எழுதியாவது சொல்லிவிடலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் மேடத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். முத்துலெட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.